வேர் கேன் ஐ, வென் ஷுட் யூ, ஹூ வில்: ஆங்கிலத்தில் கேள்வி கேட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் நடக்கும் எங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பல தரப்பினரும் வருகிறார்கள். கன்டெய்னர் யார்டில் கணக்குப் பார்ப்பவர், கல்ஃப் விசாவுக்குக் காத்திருக்கும் வெல்டர், நர்ஸிங் முடித்த பெண், பி.காம். கடைசி வருட மாணவர், பிள்ளையின் ஸ்கூலில் மிஸ்ஸிடம் பேச வேண்டிய அம்மா. ஆள் மாறினாலும் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: கேள்வி கேட்பது. எங்கே, எப்போது, ஏன் என்ற சொல்லும், கேன், ஷுட், வில் போன்ற சொல்லும், ஐ, யூ, ஹீ என்ற ஆளும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்தால் எது முன்னால் எது பின்னால் என்று நாக்கு தடுமாறுகிறது. அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அதற்கான பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

படிக்கும்முன் ஒரு விஷயம். ஆங்கில வாக்கியங்களும் இங்கே தமிழ் எழுத்திலேயே இருக்கும். 'குட்' என்று வந்தால் அது 'கேன்' என்பதன் ஜோடி. குட் மார்னிங்கில் வரும் குட் இல்லை.

வினாச்சொல் எவை, மோடல் எவை?

வென், வேர், வை, ஹவ் ஆகிய நான்கும் நேரம், இடம், காரணம், விதம் கேட்பவை. ஹூ, ஹூம், ஹூஸ், வாட், விச் ஆகியவை ஆளையோ பொருளையோ கேட்பவை. ஸ்கூலில் மோடல் என்று எழுதிப்போட்டவை, அதாவது வினையோடு சேர்ந்து முடியும், லாம், வேண்டும் போன்ற பொருளைத் தரும் துணைச்சொற்கள், கேன், குட், மே, மைட், ஷால், ஷுட், வில், வுட், மஸ்ட் என்று ஒன்பது. ஆட் டு, நீட் மாதிரி சிலது பாதி மோடல். அவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம். இந்தப் பட்டியல் யாருக்கும் தெரியாததில்லை. சிக்கல் இதைச் சேர்ப்பதில்தான்.

சரி, எந்த வரிசையில் சேர்ப்பது?

வினாச்சொல், மோடல், ஆள், அப்புறம் வினை. 'வேர் கேன் ஐ பார்க் த பைக்?' 'வென் ஷுட் வீ கம் பேக்?' 'ஹவ் வில் ஷீ நோ?'

சாதாரணமாக ஒரு செய்தி சொல்லும்போது ஆள் முன்னால், மோடல் பின்னால்: 'ஐ கேன் பார்க் த பைக் ஹியர்.' இதைக் கேள்வியாக்க இரண்டு வேலை இருக்கிறது. 'ஹியர்' என்பதை எடுத்துவிட்டு 'வேர்' என்பதை வாக்கியத்தின் தலையில் வைக்க வேண்டும். பிறகு 'ஐ கேன்' என்பதை 'கேன் ஐ' என்று புரட்ட வேண்டும். முதல் வேலையை எல்லோரும் செய்துவிடுகிறோம். இரண்டாவதுதான் விட்டுப்போகிறது.

வினை எப்போதும் மொட்டையாகத்தான் வரும். எஸ், இங், எட் எதுவும் ஒட்டாது. நடுவில் 'டு'வும் வராது. 'வேர் கேன் ஐ டு பார்க்' தப்பு, 'ஹவ் வில் ஷீ நோஸ்' தப்பு. மோடலுக்கும் எஸ் கிடையாது. ஹீ வந்தாலும் 'கேன்' தான். கேன், மே, ஷால் போன்றவை இறந்தகால வடிவமாகப் பிறந்து, பிறகு நிகழ்காலப் பொருளுக்கு மாறியவை. இறந்தகாலத்துக்கு எஸ் சேராது இல்லையா? பழைய ஆங்கிலத்திலிருந்தே அந்தப் பிறவிக்குணம் இவற்றை விடவில்லை.

இன்னொன்று: டூ, டஸ், டிட் எல்லாம் மோடல் இல்லாத கேள்விக்கு மட்டும். 'வேர் டூ ஐ கேன் பார்க்' என்று இரண்டையும் போடக்கூடாது.

'வென் யூ வில் கம்?' என்று கேட்டாலும் புரிகிறதே. என்ன தப்பு?

நம்மூர் ஆளிடம் கேட்டால் ஒரு தப்பும் இல்லை, அவரும் அப்படித்தான் கேட்பார். தமிழில் செய்திக்கும் கேள்விக்கும் வரிசை மாறுவதில்லை. 'நீ நாளைக்கு வருவே', 'நீ எப்போ வருவே?'. நாளைக்கு இருந்த இடத்தில் எப்போ வந்து உட்கார்ந்ததோடு கேள்வி தயார். வினாச்சொல் இருந்தாலே நமக்குக் கேள்விதான். அதனால் ஆங்கிலத்திலும் 'வென்' போட்டவுடன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

ஆங்கிலக் காதுக்கு அப்படி இல்லை. 'வென்' என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது: எப்போது என்று கேட்கும், 'வரும்போது' என்று வாக்கியத்தைத் தொடங்கவும் செய்யும். 'வென் யூ கம், பிரிங் த ஃபைல்' என்றால் வரும்போது ஃபைலைக் கொண்டு வா. ஆகவே ஃபோனில் 'வென் யூ' என்று தொடங்கினால், எதிர்முனையில் இருப்பவர் மீதி வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். நீங்கள் பதிலுக்குக் காத்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் அமைதி. 'வென் வில்' என்று தொடங்கினால் இது கேள்வி என்று இரண்டாவது சொல்லிலேயே தெரிந்துவிடும். 'வேர்' என்பதும் இப்படித்தான்.

நேருக்கு நேர் பேசும்போது முகமும் கையும் மீதியைச் சொல்லிவிடும். ஃபோன், மெயில், இன்டர்வியூ, இந்த மூன்றில்தான் வரிசை முக்கியம். அங்கே சரியாக வர வேண்டுமானால் மற்ற இடத்திலும் சொல்லிப் பழக வேண்டும் என்பது என் கட்சி.

'ஹூ கேன் ஹெல்ப் மீ?' என்பதில் எதுவும் புரளவில்லையே?

சரியாகப் பிடித்தீர்கள். இங்கே 'ஹூ' தான் ஆள். உதவி செய்யப்போகிறவர் யார் என்று தெரியாமல் கேட்கிறோம். அந்தத் தெரியாத ஆளே வாக்கியத்தின் தலையில் நிற்கிறார். புரட்டுவதற்கு வேறு ஆள் இல்லை. 'வாட் வில் ஹேப்பன்?', 'விச் பஸ் வில் கோ டு எண்ணூர்?' எல்லாம் இதே ரகம்.

இப்போது 'ஹூ கேன் ஐ ஹெல்ப்?' என்று பாருங்கள். அர்த்தமே தலைகீழ்: நான் யாருக்கு உதவலாம்? தமிழில் யார், யாரை, யாருக்கு என்று சொல்லின் வால் மாறுவதால் குழப்பம் வராது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஹூ' தான். யார் யாருக்கு என்பதை வரிசை மட்டுமே சொல்கிறது. மனசுக்குள் தமிழில் கேட்டுப் பாருங்கள். வெறும் 'யார்' வந்தால் புரட்டாதீர்கள். 'யாரை', 'யாருக்கு', 'யார்கிட்ட' வந்தால் புரட்டுங்கள். இந்தச் சோதனை தவறியதில்லை.

'ஹூம்' வேண்டாமா என்று கேட்பார்கள். பேச்சில் 'ஹூ ஷுட் ஐ ஸ்பீக் டு?' போதும். 'டு ஹூம் ஷுட் ஐ ஸ்பீக்?' லெட்டரில் எழுதலாம். ஃபோனில் சொன்னால் கோட் போட்டுக்கொண்டு பீச்சுக்குப் போன மாதிரி இருக்கும்.

'என்னால் முடியும்' என்பதில் உள்ள 'என்னால்' ஆங்கிலத்தில் எங்கே போகிறது?

எங்கேயும் போகவில்லை, 'ஐ'க்குள் கரைந்துவிட்டது. இந்த இடம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது.

தமிழில் ஆளின் வடிவத்தைக் கடைசியில் வரும் சொல் தீர்மானிக்கிறது. முடியும் என்றால் 'என்னால்'. தெரியும் என்றால் 'எனக்கு'. போகலாம் என்றால் 'நான்'. வேண்டும் என்பதற்கு இரண்டும் உண்டு: நான் போகணும், எனக்கு லீவு வேணும். ஆங்கிலத்தில் இந்த வம்பே இல்லை. திறமையோ, அனுமதியோ, கடமையோ, ஆள் 'ஐ' தான். 'எனக்கு வெல்டிங் பண்ணத் தெரியும்' என்பது 'ஐ கேன் வெல்ட்'. 'என்னால் நைட் ஷிஃப்ட் பார்க்க முடியும்' என்பது 'ஐ கேன் வொர்க் நைட் ஷிஃப்ட்ஸ்'. 'நான் உள்ளே வரலாமா' என்பது 'கேன் ஐ கம் இன்?' மூன்றிலும் ஒரே 'ஐ கேன்'. 'டு மீ வெல்டிங் நோஸ்', 'பை மீ கான்ட்' என்றெல்லாம் வருவது எனக்கும் என்னாலும் அப்படியே இறங்கி வருவதால்தான்.

ஆகவே இன்டர்வியூவில் 'வாட் கேன் யூ டூ?' என்று கேட்டால் அது 'உன்னால் என்ன கிழிக்க முடியும்' என்ற கேள்வி இல்லை. உங்களுக்கு என்னென்ன வேலை தெரியும் என்று கேட்கிறார். கோபப்பட வேண்டாம். 'ஐ கேன் டூ ஆர்க் வெல்டிங், ஐ கேன் ரீட் டிராயிங்ஸ்' என்று அடுக்குங்கள்.

புரட்டும்போது வேறொரு தப்பும் நடக்கும். 'வென் கேன் ஹிம் கம்?' என்பார்கள். மோடலுக்குப் பின்னால் உட்கார்ந்ததால் 'ஹிம்' என்று மாற்றிவிடுகிறார்கள். இடம் மாறினாலும் வேலை செய்பவர் அவர்தான். 'வென் கேன் ஹீ கம்?' என்றே இருக்கும்.

'அவர்' என்பதிலும் கவனம். டாக்டரம்மாவைப் பற்றியும் 'அவர் எப்போ வருவார்' என்கிறோம். அதே வாயோடு ஆங்கிலத்தில் 'வென் வில் ஹீ கம்' என்றால் நர்ஸ் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பெண் என்றால் 'ஷீ'. ஆணா பெண்ணா தெரியாவிட்டால் 'வென் வில் த டாக்டர் கம்' என்று பதவியையே சொல்லிவிடலாம். 'தே' போட்டாலும் இப்போது யாரும் தப்பு சொல்வதில்லை.

'வேர் கேன் கெட்?' என்று சுருக்கமாகக் கேட்கலாமா?

கேட்கக்கூடாது. தமிழில் ஆளை விட்டுவிடலாம்: 'எங்கே கிடைக்கும்?', 'எப்போ வரலாம்?'. கிடைக்கும், வரலாம் என்ற சொற்களிலும் ஆள் யார் என்ற அடையாளம் இல்லை. யாருக்கும் பொருந்தும், சூழ்நிலையில் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த இடத்தைக் காலியாக விட முடியாது, யாரையாவது உட்கார வைத்தே ஆக வேண்டும். செகண்ட் லைன் பீச் பக்கம் நின்று, பர்மா நூடுல்ஸ் வகையான அத்தோவைத் தேடி 'இங்கே அத்தோ எங்கே கிடைக்கும்?' என்று கேட்பதை 'வேர் கேன் ஐ கெட் அத்தோ அரவுண்ட் ஹியர்?' என்று சொல்லலாம். 'வேர் கேன் யூ கெட் அத்தோ?' என்றாலும் சரி. அந்த 'யூ' எதிரில் நிற்பவர் இல்லை, பொதுவாக எவரும். முதல் தடவை கேட்பவர்களுக்கு 'நான் ஏன் வாங்கணும்?' என்று தோன்றும், அப்புறம் பழகிவிடும்.

'வரட்டுமா', 'போலாமா', 'என்ன பண்றது' இவற்றுக்கு எது?

'வரட்டுமா?' என்பதற்கு 'ஷால் ஐ கம்?'. தமிழில் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் மோடல் இன்னொன்று இல்லை. 'எப்போ ஃபோன் பண்ணட்டும்?' என்றால் 'வென் ஷால் ஐ கால்?' 'போலாமா?' என்பதற்கு 'ஷால் வீ கோ?' ஐ, வீ இரண்டோடு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். 'ஷால் யூ கம்' என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை.

'வீ' என்பதில் நாமும் நாங்களும் ஒன்றாகக் கிடக்கின்றன. 'வாட் ஷுட் வீ டூ?' என்று ஒருவர் கேட்டால் அதில் நீங்கள் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. 'ஷால் வீ' என்றால் பெரும்பாலும் நாம்தான், எதிரில் இருப்பவரையும் சேர்த்து. வேலை இடத்தில் சந்தேகம் வந்தால் 'ஆல் ஆஃப் அஸ்?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

'என்ன பண்றது?' என்று கையை விரிப்பதற்கு 'வாட் கேன் ஐ டூ?'. உண்மையிலேயே யோசனை கேட்பதானால் 'வாட் ஷுட் ஐ டூ?'. முதலாவது கைவிட்ட தொனி, இரண்டாவது உதவி கேட்கும் தொனி. மேனேஜரிடம் முதலாவதைச் சொல்லாதீர்கள்.

நீ, நீங்க என்ற வித்தியாசம் ஆங்கிலத்தில் இல்லையே. மரியாதையை எதில் காட்டுவது?

மோடலில். எனக்குப் பிடித்த கேள்வி இது.

எங்க பக்கம் 'அக்கா, நீ எப்போ வருவே?' என்று கேட்போம். வெளியூர்க்காரர் காதுக்கு அந்த 'நீ' இடிக்கும். ஆனால் அக்கா என்ற சொல் மரியாதையையும் பாசத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொள்கிறது, 'நீ' அதைக் கெடுப்பதில்லை. வேறு இடத்தில் 'நீங்க எப்போ வருவீங்க' என்று வினையின் வாலில் மரியாதையை ஒட்டுவார்கள். ஆங்கிலத்தில் அக்காவும் இல்லை, வாலும் இல்லை. 'யூ' என்பது கலெக்டருக்கும் 'யூ', கடைப் பையனுக்கும் 'யூ'. எனவே பாரம் முழுக்க மோடல் மேல் விழுகிறது.

'கேன் யூ சைன் திஸ்?' சாதாரணம், சக ஊழியரிடம் கேட்கலாம். 'குட் யூ சைன் திஸ், ப்ளீஸ்?' ஒரு படி பணிவு. 'வுட் யூ மைண்ட் சைனிங் திஸ்?' இன்னும் ஒரு படி. இதில் வினைக்கு 'இங்' வரும், மைண்ட் கேட்கும் சங்கதி அது. குட், வுட் என்பவை இறந்தகால வடிவம் போலத் தெரிந்தாலும் இங்கே காலத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. நேராகக் கேட்காமல் ஓரடி தள்ளி நின்று கேட்பதுதான் பணிவு. 'கொஞ்சம் கையெழுத்துப் போட முடியுங்களா' என்று நாம் இழுப்பதும் அதே காரணத்துக்காக.

அனுமதிக்கு 'மே ஐ' என்று ஸ்கூலில் பழக்கிவிட்டார்கள். 'மே ஐ கம் இன்' தப்பில்லை, ஆனால் இன்றைக்கு 'கேன் ஐ', 'குட் ஐ' தான் அதிகம் காதில் விழுகிறது. 'மே யூ சைன் திஸ்?' மட்டும் சொல்லவே வேண்டாம். அடுத்தவரை ஒன்று செய்யச் சொல்வதற்கு 'மே' வராது. ஒரு வாக்கியத்துக்கு மூன்று 'சார்' போடுவதற்குப் பதில் ஒரு 'குட்' போட்டால் போதும் என்று வகுப்பில் சொல்வதுண்டு.

'கேன் யூ டெல் மீ வேர் கேன் ஐ கோ?' என்பது ஏன் தப்பு? கேள்விதானே?

இங்கேதான் நன்றாகப் படித்தவர்களும் வழுக்குகிறார்கள். கேள்வி ஒன்றுதான்: 'கேன் யூ டெல் மீ'. அதில் புரட்டியாகிவிட்டது. உள்ளே இருக்கும் 'வேர்' இப்போது கேள்வி கேட்கவில்லை, எந்த இடம் என்ற தகவலைத் தாங்கி நிற்கிறது. எனவே உள்ளே வரிசை பழையபடி: 'கேன் யூ டெல் மீ வேர் ஐ கேன் கோ?'

ராயபுரம் ஸ்டேஷனைப் பார்க்கக் கேமராவோடு ஆட்கள் வருவார்கள்; 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடம் அது. அவர்கள் கேட்கும் விதத்தைக் கவனியுங்கள்: 'குட் யூ டெல் மீ ஹவ் ஐ கேன் கெட் டு ராயபுரம் ஸ்டேஷன்?' 'ஹவ் ஐ கேன்', 'ஹவ் கேன் ஐ' இல்லை. ஐ வொண்டர், ஐ டோன்ட் நோ, டூ யூ நோ, ப்ளீஸ் ஆஸ்க் ஹிம், நாட் ஷுர் என்று எது முன்னால் வந்தாலும் உள்ளே புரட்டல் இல்லை.

நாம் ஏன் வழுக்குகிறோம்? தமிழில் கேள்வியை அப்படியே தூக்கி '-ன்னு' என்ற கயிற்றில் கட்டிவிடலாம். 'எங்கே போகலாம்?' என்பது 'எங்கே போகலாம்னு சொல்றீங்களா?' உள்ளே இருக்கும் கேள்வியில் ஓர் எழுத்தும் மாறாது. அந்தச் சௌகரியத்தை ஆங்கிலத்திலும் எதிர்பார்க்கிறோம்.

வினாச்சொல் இல்லாத கேள்வியை உள்ளே வைக்க 'இஃப்' வேண்டும். 'வருவாரான்னு தெரியல' என்பது 'ஐ டோன்ட் நோ இஃப் ஹீ வில் கம்'. 'ஐ டோன்ட் நோ வில் ஹீ கம் ஆர் நாட்' என்பது அதே கயிற்று வேலை. நடந்து முடிந்த பேச்சைச் சொல்லும்போது மோடலும் ஒரு படி இறங்கும்: 'வென் கேன் யூ ஜாயின்?' என்று கேட்டார் என்பதை 'ஷீ ஆஸ்க்ட் மீ வென் ஐ குட் ஜாயின்' என்று சொல்ல வேண்டும். வில் என்பது வுட் ஆகும். மஸ்ட், ஷுட் இரண்டும் அப்படியே நிற்கலாம்.

ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. 'எங்கே போறதுன்னு தெரியல' என்பதற்கு ஆளும் வேண்டாம், மோடலும் வேண்டாம்: 'ஐ டோன்ட் நோ வேர் டு கோ.' வாட் டு டூ, வென் டு கால், ஹவ் டு அப்ளை, ஹூ டு ஆஸ்க், எல்லாம் சரி. 'வை' மட்டும் இதில் சேராது. 'ஐ டோன்ட் நோ வை டு கோ' என்று சொல்ல முடியாது. 'வை ஐ ஷுட் கோ' என்று முழுசாகத்தான் சொல்ல வேண்டும்.

இல்லை, கூடாது, வேண்டாம் எல்லாம் எப்படி?

கேள்வியில் 'நாட்' சுருங்கி மோடலோடு ஒட்டினால் மோடலோடு சேர்ந்தே முன்னால் வரும்: 'வை கான்ட் ஐ சேஞ்ச் த டேட்?' சுருக்காமல் சொன்னால் ஆளுக்குப் பின்னால் போகும்: 'வை கேன் ஐ நாட் சேஞ்ச் த டேட்?' 'வை கேன் நாட் ஐ' என்று நடுவில் நிறுத்துவது இப்போது வழக்கில் இல்லை.

கூடாது என்பதும் தேவையில்லை என்பதும் கலந்துவிட்டால் ஆபத்து. 'யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ' என்றால் நாளைக்கு வரவே கூடாது. 'யூ டோன்ட் ஹேவ் டு கம் டுமாரோ' என்றால் வர வேண்டியதில்லை, வந்தாலும் பரவாயில்லை. தமிழில் 'நாளைக்கு வர வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் இரண்டையும் சொல்லிவிடுவோம், தொனியில் வித்தியாசம் காட்டுவோம். யார்டிலோ பிளான்ட்டிலோ சேஃப்டி ஆபீசர் 'மஸ்ட் நாட்' என்று சொன்னால் அது தடை. உங்கள் விருப்பத்துக்கு விட்டதாக நினைத்துக்கொண்டு உள்ளே போய்விடாதீர்கள்.

'வை ஷுட் ஐ பே?' என்று கேட்டதும் கவுன்ட்டரில் இருந்தவர் முகம் மாறிவிட்டது. ஏன்?

இலக்கணம் சரி, அதுதான் பிரச்சினை. 'வை ஷுட் ஐ' என்பது நம்ம 'நான் ஏன் கட்டணும்?' மாதிரி, சண்டைக்கு நிற்கும் வாக்கியம். காரணம் தெரிந்துகொள்ள மட்டும் கேட்கிறீர்கள் என்றால் 'குட் யூ டெல் மீ வாட் திஸ் அமவுண்ட் இஸ் ஃபார்?' சண்டையே போட வேண்டுமென்றால் முதலாவதையே வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை, எவ்வளவு நேரம் என்பதை எப்படிச் சேர்ப்பது?

'ஹவ்' தனியாக வராமல் கூட ஒன்றை இழுத்துக்கொண்டு வரும். ஹவ் லாங், ஹவ் மெனி டேப்லெட்ஸ், ஹவ் ஆஃபன். அந்தக் கட்டு முழுவதும் சேர்ந்தே முன்னால் போக வேண்டும்: 'ஹவ் மெனி டேப்லெட்ஸ் ஷுட் ஐ டேக்?' ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கி வந்த சீட்டை வைத்துக்கொண்டு இதை நன்றாகப் பழகலாம்: 'ஹவ் ஆஃபன் ஷுட் ஐ டேக் திஸ்?', 'ஹவ் லாங் ஷுட் ஐ வெயிட் ஆஃப்டர் ஃபுட்?' 'விச் பிளாட்ஃபார்ம்', 'ஹூஸ் நம்பர்' போன்றவையும் கட்டாகத்தான் நகரும்.

'எத்தனையாவது' என்பதற்கு மட்டும் நேர் சொல் இல்லை. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி 'தேரடிக்கு எத்தனையாவது ஸ்டேஷன்ல இறங்கணும்?' என்று கேட்க வேண்டுமானால் எண்ணிக்கையை மறந்துவிட்டு 'விச் ஸ்டேஷன் ஷுட் ஐ கெட் ஆஃப் அட்?' என்று கேளுங்கள். கடைசியில் தொங்கும் 'அட்' அங்கேயே தொங்கட்டும்.

'நாளைக்கு வர முடியுமா' என்பது 'வில் யூ கேன் கம்' தானே?

இல்லை. ஒரு வாக்கியத்தில் இரண்டு மோடல் சேராது. 'கேன் யூ கம் டுமாரோ?' போதும், டுமாரோ எதிர்காலத்தைச் சொல்லிவிடும். 'வில்' வேண்டுமென்றால் 'வில் யூ பி ஏபிள் டு கம்?'

'எங்கே விட்டிருப்பேன்?', 'எப்போ சொல்லியிருக்கணும்?' இதெல்லாம்?

நடந்து போனதைப் பற்றிய ஊகம், வருத்தம், கோபம். தமிழில் 'இரு' நடுவில் வருகிறது: விட்டு-இருப்பேன், சொல்லி-இருக்கணும், போய்-இருக்கலாம். ஆங்கிலத்தில் அந்த வேலையை 'ஹேவ்' செய்கிறது, கூடவே வினையின் மூன்றாவது வடிவம். 'வேர் குட் ஐ ஹேவ் லெஃப்ட் மை பர்ஸ்?' 'வென் ஷுட் ஐ ஹேவ் டோல்ட் யூ?' ஆளின் பின்னால்தான் ஹேவ் வரும். மோடல் மட்டும் முன்னால் தாவும். 'வேர் குட் ஹேவ் ஐ' என்று இரண்டையும் சேர்த்துத் தள்ளக்கூடாது. ஹீ வந்தாலும் 'ஹேவ்' தான், 'ஹேஸ்' ஆகாது.

'ஹவ் கம்' என்று கேட்கிறார்களே, அதில் வரிசை மாறவில்லையே?

மாறாது. 'ஹவ் கம் யூ கான்ட் ஸ்டே?' ஏன் இருக்க முடியாது என்று நண்பர்களிடம் கேட்பது. 'ஹவ் கம்' வந்தால் புரட்டல் கிடையாது, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் மெயிலில் எழுத வேண்டாம்.

'சோ யூ கான்ட் வொர்க் நைட் ஷிஃப்ட்ஸ்?' என்று கேட்டால் எஸ் சொல்வதா, நோ சொல்வதா?

வேலையே கைவிட்டுப் போகக்கூடிய இடம் இது. 'அப்போ நைட் ஷிஃப்ட் பார்க்க முடியாதா?' என்று தமிழில் கேட்டால், முடியாதவர் 'ஆமா, முடியாது' என்பார். முடிகிறவர் 'இல்ல, முடியும்' என்பார். கேட்டவர் சொன்னது சரியா தப்பா என்பதற்கு நாம் பதில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் கேட்டவர் என்ன நினைத்தார் என்பது கணக்கில்லை. வேலை பார்க்க முடியும் என்றால் 'எஸ், ஐ கேன்'. முடியாது என்றால் 'நோ, ஐ கான்ட்'. 'எஸ், ஐ கான்ட்' என்று ஒன்று கிடையாது. 'வோன்ட் யூ ஜாயின் அஸ்?', 'ஷுட்ன்ட் வீ வெயிட்?' என்ற கேள்விகளுக்கும் இதே முறைதான்.

வெறும் 'எஸ்' என்று நிறுத்தினால் எதிரில் இருப்பவர் தன் பாஷைப்படி புரிந்துகொள்வார். முடியாது என்ற நினைப்பில் நீங்கள் எஸ் சொல்லியிருப்பீர்கள். அவர் ரோஸ்டரில் உங்கள் பெயரை நைட் ஷிஃப்டில் எழுதியிருப்பார். ஐ கேன், ஐ கான்ட், ஐ வில், ஐ வோன்ட் என்று வாலையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். எஸ்ஸும் நோவும் மாறிப்போனாலும் அந்த வாலைக் கேட்டு அவர் சந்தேகப்பட்டு இன்னொரு தடவை கேட்பார்.